ஈர விறகு விசாரம்: குளத்தூர் வட்டாரத்துப் படப்புகளில் பூசணம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தர்க்க சாஸ்திரிகள் அடுக்களைக்குள் ஒரே ஒரு முறைதான் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். மலைமேல் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்று நிரூபிப்பதற்கு அடுக்களையைத் திருஷ்டாந்தமாகக் காட்டிய அவர்கள், புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டென்பதை ஒப்புக்கொண்டு, நெருப்புள்ள இடத்திலெல்லாம் புகை உண்டென்பதை மட்டும் மறுத்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. ஆகையால் புகை எழ வேண்டுமானால் நெருப்போடு ஈர விறகின் சேர்க்கையும் வேண்டும் என்பது அவர்கள் கண்ட உபாதி. 17-ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தர்க்க சங்கிரகத்தில் 'ஆர்த்ரேந்தன ஸம்யோகம்' என்ற கம்பீரமான பெயரோடு இந்த ஈர விறகு இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அது எங்கே அடுக்கப்பட்டிருந்தது, எவ்வாறு ஈரமாயிற்று, அதன் வெட்டுவாயில் பச்சையும் கறுப்புமாகப் படர்ந்திருப்பது யாது என்று சாஸ்திரிகள் விசாரிக்கவில்லை. அந்தக் குறையை, விளாத்திகுளம் தாலுகாவைச் சேர்ந்த குளத்தூர் வட்டாரத்து விறகுப் படப்புகளை ஆதாரமாகக் கொண்டு இயன்ற அளவு நிவர்த்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய ஆராய்ச்சிக்குக் குடகையோ நீலகிரியையோ எடுத்துக்கொள்ளாமல், ஆண்டு முழுவதையும் சேர்த்தே ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழை காணும் மாவட்டத்தை எடுத்துக்கொண்டது ஏன் என்று பூர்வபக்ஷிகள் ஆட்சேபிக்கக்கூடும். சமாதானம் யாதெனில், நித்தமும் நனைகிற ஊரில் விறகைக் காப்பது குலவித்தை. வருஷத்தில் பெரும்பகுதி வெயிலையே பார்த்துப் பழகிய ஊரிலோ அது ஒவ்வோர் ஐப்பசியிலும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டிய சாஸ்திரம். அன்றியும், மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து நோகிற கரிசல் சம்சாரி, வந்த மழையைக் குறை கூறுவதை அபசகுனமென்று கருதுபவர். நான்கு நாள் அடைமழையில் அடுப்பு மூளாமல் குழந்தைகள் பசியோடு சுற்றி வருகிற காலைப்பொழுதிலும் 'பாழாய்ப்போன மழை' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. பழி முழுவதும் விறகின்மீதும், அதை அடுக்கியவர்மீதும் போய் விழும். விறகில் பூசணம் பூக்கிற வருஷமே காட்டில் உளுந்தும் கம்பும் தேறுகிற வருஷமாதலால், அதைப் பற்றி வெளிப்படையாக வருந்துவதற்கும் இங்கே ஒரு கூச்சம் உண்டு. இவ்விஷயத்தில் இலக்கியமோ சாஸ்திரமோ தோன்றாமற் போனதற்கு இந்தக் கூச்சமே காரணமாயிருக்கலாம் என்பது என் துணிபு.

படப்பில் அடங்கும் பொருள்களைப் பார்ப்போம். கோடையில் பிடுங்கிக் காய வைத்த பருத்திமார், அடுப்பு மூட்டுவதற்கென்று பிறவியெடுத்தது. சடசடவென்று எரிந்து, உலை கொதிக்கும் முன்பே தீர்ந்துவிடும். குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம் நின்று எரியும். இவ்விரண்டையும் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் படப்பில் பெரும்பாகத்தை ஆக்கிரமித்திருப்பது வேலிக்கருவை என்று வழங்கும் சீமைக்கருவேல். 1877-ஆம் ஆண்டு வாக்கில் ஜமைக்காவிலிருந்து இதன் விதையைச் சென்னை ராஜதானிக்குத் தருவித்தவர்கள், வறண்ட நிலத்துக்கு ஒரு விறகு மரம் வேண்டுமென்றே தருவித்தார்கள். மரம் விறகோடு நின்றுவிடாமல் கண்மாய், புறம்போக்கு, பட்டா என்ற பேதமின்றிப் பரவி, 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அதை அகற்ற உத்தரவிடும்படியாயிற்று. நீதிமன்றத்தில் அதன் யோக்கியதை எதுவாயினும், அடுப்பில் அதற்கு நிகரான விறகு இப்பக்கத்தில் இல்லை. ஒரே குறை, தடித்த பட்டையோடு உருளையாகவே அடுக்கினால் உள் ஈரம் வெளியேற வழியில்லாமல், மழை தொடங்கியதும் முதலில் பூசணம் பிடிப்பதும் அதுவே.

இனிப் பூசணத்தின் லக்ஷணம். வெட்டுவாயை விரலால் தடவிப் பாருங்கள்: நடுவிலுள்ள சிவந்த வைரம் சுத்தமாயிருக்கும்; அதைச் சுற்றியுள்ள வெளிர்மஞ்சள் வெள்ளைக் கட்டையில்தான் பச்சைப் பொடி ஒட்டும். காரணம், மரம் உயிரோடிருந்தபோது சேர்த்து வைத்த மாவுச்சத்தும் சர்க்கரையும் அந்த வளையத்திலேதான் இருக்கின்றன. பூசணம் அவற்றை மட்டும் உண்டு, மரத்தின் உடலை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. மரத்தை உளுக்கச் செய்வது வேறு வகைக் காளான்கள். ஆகவே பூசணம் பிடித்த விறகு கெட்டுப்போன விறகு என்ற பாமர சித்தாந்தம் பிழை. காற்றில் மிதந்து வரும் வித்தின்றிப் பூசணம் தானாக உண்டாவதில்லை என்பதை ஃபிளாரன்ஸ் நகரத்துத் தாவரவியலார் மிக்கேலி, முலாம்பழத் துண்டுகளில் அந்த வித்துகளைத் தூவி வளர்த்துப் பார்த்து 1729-இல் வெளியிட்டார். ஒரு வகையின் உருவம் தம் மாதாகோயிலில் தீர்த்தம் தெளிக்கும் கருவியை ஒத்திருக்கக் கண்டு அதற்கு அஸ்பெர்ஜில்லஸ் என்று பெயரும் சூட்டினார். குளத்தூரில் பிறந்திருந்தால் என்ன பெயர் சூட்டியிருப்பாரோ! வித்து எங்கும் உண்டு, தடுக்க முடியாது. தடுக்கக்கூடியது ஈரம் ஒன்றே. கட்டையின் எடையில் ஈரம் நூற்றுக்கு 20-க்குக் கீழே இறங்கிவிட்டால் பூசணத்துக்குப் பிழைப்பில்லை. உண்மையில் அது குற்றவாளியல்ல, சாட்சி: இந்தப் படப்புக்குள் காற்றுப் புகவில்லை என்று சாட்சி சொல்வதற்காகவே பச்சை உடுத்தி வந்து நிற்கிறது.

ஈரத்தால் விளையும் நஷ்டத்தைக் கணக்கிட்டால் ஒரு விசித்திரம் புலப்படும். நூற்றுக்கு 30 ஈரமுள்ள ஐந்து கிலோ விறகில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. அதைச் சூடாக்கி ஆவியாக்கச் சுமார் 900 கிலோ கலோரி செலவாகும். மீதமுள்ள மூன்றரைக் கிலோ உலர்ந்த கட்டை தரும் வெப்பமோ ஏறத்தாழ 15,700 கிலோ கலோரி. அதாவது நஷ்டம் நூற்றுக்கு ஆறு. இந்த ஆறு பங்குக்காகவா இத்தனை கண்ணீர் என்று ஏட்டுக் கணக்கர் கேட்பார். கண்ணீரின் காரணம் நஷ்டத்தின் அளவில் இல்லை, அது வந்து கேட்கும் வேளையில் இருக்கிறது. தீ இன்னும் பிள்ளைப் பருவத்தில், ஓலைச் சருகின் தயவில் தத்தளிக்கிறபோதே தண்ணீர் தன் பங்கை முழுவதும் முன்கூட்டி வாங்கிக்கொள்கிறது. கட்டை பற்றிக்கொள்ளும் சூட்டை எட்டாமல், வெட்டுவாயில் நுரை தள்ளிச் சீறிக்கொண்டு, பொசுங்கிப் புகைகிறது. ஊதுகுழலால் ஊத ஊதப் புகை மட்டுமே அபிவிருத்தியடைகிறது. நெருப்பில்லாமல் புகையாது என்று பழமொழி சொன்னவர் கார்த்திகை மாதம் இந்த வட்டாரத்தில் உலை வைத்தவரல்லர். உள்ளே கங்கு உண்டே என்று தார்க்கிகர் வாதிக்கலாம். உலை கொதிக்காத நெருப்பை நெருப்பென்று ஒப்புக்கொள்ளக் குளத்தூரில் எந்தப் பெண்மணியும் சித்தமாயில்லை.

சரி, ஈரம் எந்த வழியாக வருகிறது? மேலேயிருந்து என்பது கண்ணுக்குத் தெரிந்த பதில். பெரும்பகுதி கீழேயிருந்து என்பதே உண்மை. கோடையில் கை நுழையுமளவு வெடித்துக் கிடந்த கரிசல், மழை பெய்ததும் உப்பி, வெடிப்புகளை மூடிக்கொண்டு, குடித்த தண்ணீரை வாரக்கணக்கில் வெளியே விடாது. வெறுந்தரையில் அடுக்கிய படப்பு இரவும் பகலும் அந்த ஓதத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கல் வைத்து அதன்மேல் அடுக்கலாமே என்றால், இதே மண் கல்லையும் சும்மா விடுவதில்லை; ஒரு மழைக்கு ஒரு பக்கமாக விழுங்கி, படப்பைச் சாய்த்துவிடும். அதனால் அனுபவசாலிகள் சரள் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் கல்லும், கல்லின்மேல் குறுக்காக இரண்டு பனந்துண்டுகளும் போடுகிறார்கள். ஆடி மாதத்து மேல்காற்று அடிக்கையில் படப்பின் அகன்ற பக்கம் அதற்கு எதிரே இருக்குமானால், பிளந்த கட்டை அந்த ஒரு மாதத்திலேயே முக்கால் பங்கு உலர்ந்துவிடும். பின்னால் கிழக்கிலிருந்து கொண்டல் வீசும்போது செய்யக்கூடியது அதிகமில்லை.

மூடும் விதத்திலேதான் நாகரிகம் நம்மைக் கெடுத்தது. முன்பு பனையோலையைத் தலைமாட்டில் மட்டும் வேய்ந்தார்கள். மழை வழிந்தோடியது, பக்கவாட்டில் காற்று நடமாடியது. இப்போது நீலநிறத் தார்ப்பாயைக் கொண்டுவந்து, நான்கு புறமும் தரைவரை இழுத்து, காற்றில் பறக்காமலிருக்கக் கல்லும் வைத்து, கீழிருந்து எழும் ஆவியை உள்ளேயே சிறைவைக்கிறார்கள். மழை ஓய்ந்த ஒரு முற்பகலில் அந்தத் தார்ப்பாயின் விளிம்பைத் தூக்கினால், அதன் உட்புறத்தில் முத்து முத்தாக வியர்த்திருப்பதையும், உள்ளிருந்து வெதுவெதுப்பான மண்வாடை முகத்தில் அடிப்பதையும் காணலாம். மழையில் நனைந்திராத அந்த விறகில் பூசணம் பூத்திருக்கும் செழுமை, வெட்டவெளியில் நனைந்து காய்ந்த விறகில் இல்லை.

பரிகாரமென்று வழங்குவனவற்றுள் சாம்பல் தூவுதல் பூசணத்தை மறைக்குமேயன்றி நீக்காது. மண்ணெண்ணெய் தெளிப்பது காசுக்குப் பிடித்த கேடு. கட்டையைப் பிளப்பதும், வெயிலில் பரத்துவதும், நாளைக்கு வேண்டியதை இன்றே அடுப்புக்கு மேலுள்ள பரணில் ஏற்றிப் புகையில் வாட்டுவதுமே பலன் தருவன. பொடியைத் தட்டுகிறவர்கள் வெளியே, காற்றுக்கு முதுகைக் காட்டி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தட்ட வேண்டும். இழுப்பு உள்ளவர்கள் பக்கத்திலேயே வரலாகாது. இது பரிகாசமன்று.

படப்பைப் பிரித்து அடுக்குவதென்று முடிவானால் உடனே எழும் பிரச்சினை, யார் பிரிப்பது என்பது. மழைக்கு ஒதுங்கிய தேளும், இவ்வறண்ட நிலத்தில் சாதாரணமாய்க் காணப்படும் சுருட்டை விரியனும் அடிவரிசையில் குடியிருக்கக்கூடுமாதலால், வெறுங்கையோடு அணுகுவது விவேகமாகாது. இவ்வேளையில் நிகழும் சம்வாதம் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் செல்லும். "ஏத்தா, மாரைப் போயி அடியில போட்டு வச்சிருக்கியே?" என்பார் மாமியார். "அடுக்குனது உங்க மகன்தான், அத்தை" என்று பதில் வரும். அத்தோடு விசாரணை தள்ளுபடியாகும்.

2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் சிலிண்டரை ஏழை வீடுகளுக்கும் கொண்டுவந்த பிறகு இந்த விசாரம் எதற்கு என்று கேட்பவர்கள், சிலிண்டரின்மேல் வெந்நீரண்டாவையும் மாட்டுக்குக் காணம் அவிக்கும் பானையையும் ஏற்றிப் பார்த்தவர்களல்லர்.

பூசணத்துக்கு முற்றும் அப்பாற்பட்ட விறகும் ஒன்று உண்டு. வேலிக்கருவையை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போர்த்தி, காற்றை மட்டுப்படுத்தி நாட்கணக்கில் வேகவிடும் கரிமூட்டம் இவ்வட்டாரத்தின் பழகிய தொழில். மாவும் சர்க்கரையும் வெந்து தீர்ந்த அந்தக் கரியில் பூசணம் உண்ண ஒன்றுமில்லை. எத்தனை மழைக்காலமானாலும் கிடக்கும். ஆனால் மூட்டம் பிரித்ததும் கரியைச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிவிட்டு, மூட்டத்துக்கு உதவாதென்று ஒதுக்கிய தூர்க்கட்டையைத்தான் வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். அதுவும் நேரே தார்ப்பாய்க்குள்தான் போகிறது.