இரு சிதம்பரங்கள்: பால் பொங்குதலை முன்வைத்து ஓர் ஒப்பியல் ஆய்வு

தமிழ்த் திரையில் இரண்டு சிதம்பரங்கள் உண்டு. ஒருவர், 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழ'னில் சிவாஜி கணேசன் ஏற்ற வ.உ.சிதம்பரம் பிள்ளை. மற்றவர், 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில் முத்துராமன் கிழவேடம் கட்டிக்கொண்டு வந்து இறங்கும் கோடீசுவரர் சிதம்பரம். இவ்விருவரையும் ஒப்பிட்டு முனைவர் பட்டம் வாங்கிய எவரையும் நான் சந்தித்ததில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. பட்டம் தருவோர் தரலாம்.

முதல் சிதம்பரம் உண்மையில் வாழ்ந்தவர். 1906இல் தூத்துக்குடியில் ரூ.25 விலையில் பங்குகள் விற்று சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டார். போட்டிக்கு நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. அதற்கும் கூட்டம் அசையாததால், காசே வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள் என்றது. ஏறியவர்களுக்குக் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஆய்வாளன் இந்தக் குடையின் கீழ் சற்று நிற்க வேண்டும். காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் போவது கடமை. சும்மா போய்க் குடையோடு இறங்குவது சுகம். ஜனங்களுக்கு முன்னால் அன்று கிடந்த இந்த இரண்டு வழிகளுக்கும், பின்னாளில் கொட்டகை வாசலில் கிடந்த இரண்டு வரிசைகளுக்கும் வேற்றுமை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1908இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். செக்கிழுத்தார். 1912இல் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. இந்தக் கதையை எடுத்த பி.ஆர்.பந்துலுவுக்கும் கையைக் கடித்தது. நாயகன் பட்ட நட்டத்தைத் தயாரிப்பாளரும் பட்டால்தான் வாழ்க்கை வரலாற்றுப் படம் முழுமை பெறும் என்பது என் துணிபு. பந்துலு அந்த அளவுக்கு நேர்மையானவர். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் வரும் காதல் பாட்டைக்கூடப் பாரதியிடமிருந்துதான் எடுத்தார். அங்கும் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

இரண்டாம் சிதம்பரம் உலகத்திலேயே இல்லாதவர். நண்பனின் காதல் கைகூடுவதற்காக அவனுக்கு அப்பாவாக வேடம் போட்டு வந்த வாசுதான் அவர். ஆனால் பணக்காரர் என்ற சொல் காதில் விழுந்ததும் காதலியின் அப்பாவாக வரும் பாலையா உருகும் உருக்கம் இருக்கிறதே! 'மகன்' என்ற எளிய ஆண்பால் சொல்லுக்கே மரியாதை விகுதி முளைத்துவிடுகிறது. நன்னூலில் இதற்கு விதி தேடிப் பார்த்தேன், இல்லை. ஆக, திரையை விலக்கினால் உள்ளே ஒன்றும் இல்லை. வெளியே கும்பிட்டு நிற்பவரின் பக்தி மட்டும் நிசம். சிதம்பர ரகசியம் என்பதற்கு இதைவிட நல்ல உரையை நான் படித்ததில்லை.

கம்பெனிகளையும் ஒப்பிடுவது முறை. சுதேசிக் கம்பெனி கப்பல் வாங்கியது, ஓட்டியது, மூழ்காமலே முழுகிப்போனது. பாலையாவின் மகனாக வரும் நாகேஷின் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' ஓர் அடி பிலிமும் சுட்டதில்லை. ஆகவே நட்டமும் இல்லை. அப்பாவை உட்காரவைத்து அவர் பேய்க்கதை சொல்லும் காட்சியில் பாலையா முகத்தில் ஓடுவதை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. வரவு என்றே எழுதினேன்.

இனி, சோதனை. என் வீட்டில் தொலைக்காட்சிக்கும் அடுப்புக்கும் இடையே பன்னிரண்டு எட்டு. படம் ஓடும்போது அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இலேசான படமானால் பால் பொங்கும். கனமான படமானால் பொங்காது. கனமான படம் ஓடுகையில் ஆளாளுக்கு, "பாலைப் பார்த்துட்டு வர்றேன்" என்று எழுந்து போவதே காரணம். போகிறவர்கள், "என்ன ஒரு படம்!" என்று சொல்லிவிட்டே போகிறார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். பாலையா படத்துக்கு அப்படி யாரும் சான்றிதழ் வழங்குவதில்லை, எழுந்திருப்பதும் இல்லை. ஈஸ்ட்மன் கலரில் ஆழியாறு தெரிந்த நேரத்தில் அரை லிட்டர் போயிற்று. பேய்க்கதையில் மிச்சமும் போயிற்று.

சுதந்திர தினத்தன்று மற்றப் படத்தைப் போட்டார்கள். எதிர்பார்த்தபடியே அத்தை மூன்று முறை எழுந்து போய்ப் பாலைப் பார்த்தார். கருதுகோள் நிறுவப்பட்டது என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். நான்காவது முறை எழுந்தவர், சமையலறை நிலைப்படியில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். திரையில் சிவாஜி செக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, பால்…" என்றேன்.

"இது எங்கூரு ஜெயிலுங்க மாப்பிள்ளை," என்றார் திரும்பாமல். அத்தை பிறந்தது கோயம்புத்தூர்.

கறுப்பு வெள்ளையில் செக்கு சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே 'சுர்'ரென்று சத்தம் கேட்டது. நானும் போகவில்லை.

அடுப்பைத் துடைக்க வேண்டியவர் ஆய்வாளர்தான் என்று அன்றிரவே வீட்டில் தீர்மானமாயிற்று. காய்ந்த பால் எந்தப் படத்துப் பாலானாலும் ஒரே மாதிரிதான் ஒட்டுகிறது. நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கிறது.