சட்டம் போடும் அப்பா

அகரம், தாடிக்கொம்பு வட்டாரத்தில் மகன் பத்தாவது முடிக்கும் கோடை விடுமுறையில் ஒரு புது மனிதர் உருவாகிறார். அதுவரை பையன் எந்த வகுப்பு என்பதையே வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்தான். பையன் வண்டி ஹேண்டிலில் கை வைத்த அன்று மாலை, கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு அரசியல் நிர்ணய சபையையே நடத்தி முடித்துவிடுகிறார். "தாடிக்கொம்பு தாண்டக் கூடாது. கரூர் ரோட்டுல ஏறக் கூடாது. எவனையும் பின்னாடி ஏத்தக் கூடாது. நாப்பதுக்கு மேல முறுக்கினேன்னு காதுல விழுந்துச்சு, காலை ஒடிச்சுப்புடுவேன்." கால் ஒடியாமல் இருக்கத்தான் இத்தனை விதி; மீறினால் அந்தச் சேவை வீட்டிலேயே செய்து தரப்படும். பையன் தலையை ஆட்டுவான். இந்த விதிகளின் ஆயுள் விடிகிற வரைதான் என்பது அவனுக்குத் தெரியும்.

விடியுமுன் அதே வாய் கூப்பிடும்: "தம்பி, எந்திரிடா. பூ மூட்டையைத் திண்டுக்கல் மார்க்கெட்டுல போட்டுட்டு வந்துரு. அப்படியே பாப்பாவை டியூஷன்ல விட்டுரு. வெரசாப் போ, ஏலம் ஆரம்பிச்சுரும்." தாடிக்கொம்பு தாண்டியாயிற்று, கரூர் ரோடு ஏறியாயிற்று, பின்னால் பாப்பா உட்கார்ந்தாயிற்று. 'வெரசாப் போ' என்ற சொல்லில் நாற்பது கிலோமீட்டர் வேகமும் போய்ச் சேர்ந்தது. நான்கு விதி, மூன்று வாக்கியம். நாடாளுமன்றத்தில்கூட இவ்வளவு சீக்கிரம் சட்டத்திருத்தம் நடப்பதில்லை. மிச்சம் இருப்பது கடைசியாகச் சேர்க்கப்படும் ஒரே ஒரு விதி: "போலீஸ் நிக்குதான்னு பாத்துக்க. செக்கிங் இருந்தா உள்ரோட்டாலயே வந்துரு." இதை மட்டும் அப்பா ஒருநாளும் தளர்த்துவதில்லை. எந்தச் சந்தில் திரும்பினால் எங்கே வெளியே வரலாம் என்று மண்ணில் குச்சியால் கோடு போட்டே விளக்குவார்.

பிள்ளைகள் பேச்சைக் கேட்பதில்லை என்று இவர் டீக்கடையில் புலம்புவதை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. பிள்ளை நன்றாகவே கேட்கிறான். விதியை மட்டுமல்ல, விதிவிலக்கையும் சேர்த்துக் கேட்கிறான். அவசரம் என்றால் விதி செல்லாது என்பதே அந்த வீட்டின் உண்மையான சட்டம் என்று இரண்டே நாளில் அவனுக்குப் பிடிபட்டுவிடுகிறது. பதினாறு வயதில் எதுதான் அவசரமில்லை? முத்தாலம்மன் திருவிழாவுக்கு மூன்று பேர் ஒரே வண்டியில் போவது, அப்பா பூ மூட்டைக்கு அனுப்பியதைவிட எந்த வகையில் அவசரம் குறைந்தது என்று அவன் கேட்டால், இவரிடம் பதில் கிடையாது. அதனால்தான் கேட்கவிடாமல் கையை ஓங்குகிறார்.

பூட்டுக்குப் பேர்போன ஊர் இது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டுதான் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, சாவியைக் கொடுத்த கையைப் பிடிக்க வழி செய்தது. அந்தத் திருத்தத்தின் 199ஏ பிரிவு, பதினெட்டு நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரையோ வண்டியின் சொந்தக்காரரையோதான் குற்றவாளி ஆக்குகிறது: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. பையனுக்கோ இருபத்தைந்து வயது வரை எல்எல்ஆர்கூடக் கிடைக்காது. "எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான் சார்" என்ற பழைய பாட்டும் எளிதில் எடுபடாது. அப்பாவின் சம்மதத்தோடுதான் வண்டி போனது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. மண்ணில் கோடு போட்டு உள்ரோடு காட்டியவர் இதை எந்த முகத்தோடு காட்டுவார்?

"பதினாறு வயசுல ஓட்டலாம்னு சட்டமே சொல்லுதே" என்பார், ஓரளவு விவரம் தெரிந்தவர். சொல்கிறது, 50 சிசிக்கு மிகாத வண்டிக்கு. 1980இல் டிவிஎஸ் 50 வந்த காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. இன்று வாசலில் நிற்கும் எக்ஸ்எல் 100-ன் இன்ஜின் 99.7 சிசி. சட்டம் பழைய வண்டியிலேயே உட்கார்ந்திருக்க, வண்டி அதைத் தாண்டிப் போய்விட்டது.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாத ஊரில் வண்டி ஆடம்பரம் அல்ல என்பார். இதில் நியாயம் இருக்கிறது; நகரத்தில் உட்கார்ந்து அறிவுரை எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆனால் பஸ் இல்லாத குறை வீட்டுக்குத்தானே, பையனுக்கு மட்டுமா? அதைத் தீர்க்கும் வேலை ஏன் வீட்டிலேயே அனுபவம் குறைந்த ஆள் தலையில் விழ வேண்டும்? பிளஸ் ஒன் சேர்ந்ததும் அரசு கொடுக்கிற சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் கோழி உட்காரும் கம்பியாகிவிடுகிறதே, தாடிக்கொம்பு வரை அது போகாதா?

"நாங்க ஓட்டலையா? இந்தா, கல்லு மாதிரி நிக்கலையா?" என்பது கடைசி வாதம். நிற்கிறவர்கள்தான் டீக்கடைக்கு வந்து இதைச் சொல்ல முடியும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் ஐம்பதாயிரம். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. அப்பா ஓட்டிய நாளில் டிவிஎஸ் 50 மூச்சு வாங்கிக்கொண்டு மேடு ஏறியது; எதிரே வந்தது மாட்டுவண்டி. இன்று இதே திண்டுக்கல் வழியாகக் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு நாலுவழிச் சாலை ஓடுகிறது. உள்ரோட்டில் களம் இல்லாமல் தார்மேல் காயும் சோளம் வேறு. அதில் பிரேக் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

விதி போடுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. நியூசிலாந்தில் 1987இல் இளம் ஓட்டுநர்களுக்குப் படிப்படியான உரிமத்தைக் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட உரிமத்தோடு இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை தனியாக ஓட்டக் கூடாது. அனுபவசாலி பக்கத்தில் இல்லாமல் கூட்டாளிகளை ஏற்றக் கூடாது. இருட்டும் கூட்டாளியும். நம் அப்பா கட்டிலில் உட்கார்ந்து எவனையும் ஏற்றக் கூடாது என்று சொன்னதும் இதே கணக்கில்தான், மனிதர் கெட்டிக்காரர். எல்எல்ஆர் வைத்திருப்பவன் பைக்கில் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்று நம் சட்டமும் சொல்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே பெற்றவரின் பூ மூட்டைக்காக விதி விடுப்பு எடுப்பதில்லை. ஒரு வீட்டு விதிக்கு மதிப்பு வர வேண்டுமானால் அதனால் முதலில் சிரமப்படுகிறவர் அதைப் போட்டவராக இருக்க வேண்டும். பதினெட்டு ஆகும்வரை மார்க்கெட்டுக்கு அவரே போகட்டும். கண்ணாடியில் மாட்டித் தொங்கும் ஹெல்மெட், செக்கிங் தெரிகிற இடத்தில் மட்டும் அல்லாமல் வீட்டு வாசலிலேயே தலைக்கு ஏறட்டும். பையன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

பதினெட்டு ஆனதும் எல்எல்ஆர் போட்டு, ஒரு மாதம் கழித்து ஆர்டிஓ ஆபீஸில் எட்டுப் போடக் கூட்டிப்போகலாம். கிளம்புமுன் தன் பர்ஸில் இருக்கும் லைசென்ஸை அப்பா ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் புதுப்பிக்க மறுபடி தேர்வு உண்டு. வரிசையில் மகனுக்குப் பின்னால் அவரும் நிற்க வேண்டியிருக்கும், எட்டுப் போட.