மயிலாப்பூர் ஏரிக்குக் கட்டாய ஓய்வு

சென்னையில் பூங்கா அமைக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் தண்ணீர் நிற்கிற இடமாகப் பார்க்க வேண்டும். தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மனை பிரித்து விற்க வேண்டும். விற்றது போக நடுவில் மிஞ்சியதற்கு வேலி கட்டி, பெஞ்சு போட்டு, சிலை வைத்தால் பூங்கா. பனகல் பார்க் அப்படிப் பிறந்ததுதான்.

நூறு வருஷத்துக்கு முன் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம் வரை, 6 கிலோமீட்டர் போல வளைந்து ஓர் ஏரி கிடந்தது. வடக்கே நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே மயிலாப்பூர் ஏரி. இரண்டையும் சேர்த்து வெள்ளைக்காரன் ‘லாங் டேங்க்’ என்றான். நீளமாக இருந்தது, நீளம் என்று பெயர் வைத்தான். அதற்கு மேல் மூளையைச் செலவழிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெட்ராஸ் போட் கிளப் துரைமார் இதில் படகுப் பந்தயம் விட்டார்கள். இன்று அதே தடத்தில் ஷேர் ஆட்டோக்கள் பந்தயம் விடுகின்றன. பரிசுக் கோப்பைதான் கிடையாது.

ஏரி மேல் சுமத்தப்பட்ட குற்றம், அது சும்மா கிடக்கிறது என்பது. கரை, மதகு, கலங்கல், ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்தால்தான் ஏரிக்கு உத்தியோகம். மதகைத் திறந்தால் கிழக்கே வயலுக்குப் பாய வேண்டும். கிழக்கே வயல் ஏது? தோட்ட பங்களாக்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. துரைசானி நாற்றா நடப்போகிறாள்? ஆயக்கட்டைப் பிடுங்கிக்கொண்டு, “நீ என்ன வேலை பார்க்கிறாய்?” என்று ஏரியைக் கேட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, ஊரை நனையாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலைதான். ஆனால் அது சம்பளப் பட்டியலில் இல்லாத வேலை, கணக்கில் வரவில்லை.

1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்த வருஷக் கடைசியில் ஜஸ்டிஸ் கட்சி ஆட்சிக்கும் வந்தது. ஊரில் வீட்டுக்குத் தட்டுப்பாடு. 1923இல் ஏரியை வடிக்க ஆரம்பித்தார்கள். ஜஸ்டிஸ் கட்சிக்கும் மயிலாப்பூர் வக்கீல்மாருக்கும் அந்தக் காலத்தில் ஏழாம் பொருத்தம் என்பது ஊரறிந்த சமாச்சாரம். ஆகவே மயிலாப்பூர் ஏரியை வற்றவைத்து அதன் மேல் ஜஸ்டிஸ் கட்சி ஒரு நகரம் கட்டியதில், வீட்டு வசதிக்கு அப்பாற்பட்ட திருப்தி ஒன்றும் இருந்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். ஆதாரம் கேட்காதீர்கள், அந்தத் தெருப் பலகைகளைப் படியுங்கள்.

1920இல் சென்னை மாகாண முதல் மந்திரி பதவி தேடி வந்தும் வேண்டாம் என்ற பிட்டி தியாகராயருக்கு நகரமே கிடைத்தது, அதுதான் தி.நகர். பதவியில் இருந்த பனகல் அரசருக்கு ஒரு பார்க். டாக்டர் நாயருக்கு ஒரு ரோடு, டாக்டர் நடேச முதலியாருக்கு ஒரு பார்க், உஸ்மானுக்கு நீளமாக ஒரு ரோடு. பிற்பாடு சௌந்தரபாண்டிய நாடாருக்கு ஒரு பஜார் கிடைத்தது. நம் ஜனங்கள் அவரைச் சுருக்கிப் ‘பாண்டி’ ஆக்கிவிட்டார்கள். தி.நகரில் வழி தவறியவன் கட்சியின் செயற்குழுக் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்ட மாதிரிதான் திண்டாடுவான்.

1928இல் நல்லி சின்னசாமி செட்டியார் இங்கே பட்டுப் புடவைக் கடை வைத்தார். அன்றிலிருந்து பனகல் பார்க்குக்குப் புது உத்தியோகம். முகூர்த்த மாதத்தில் போய்ப் பாருங்கள். கூறைப்புடவை எடுக்கக் குடும்பம் மொத்தமும் உள்ளே போயிருக்கும். பெரியவர் ஒருவர் மட்டும் நிழல் பார்த்து பெஞ்சில் உட்கார்ந்து, காலுக்கு இரண்டு பக்கமும் கட்டைப்பைகளைச் சாய்த்து வைத்துக்கொண்டு, “அரக்கா, மாம்பழக் கலரா?” என்று வரும் போனுக்கு, “எதுவானாலும் சரிம்மா” என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஏரி அன்று மழையைத் தாங்கியது, பார்க் இன்று இவர்களைத் தாங்குகிறது. அதிலும் ஒரு பகுதியை மெட்ரோ ரயில் நிலையத்துக்குத் தோண்டிவிட்டார்கள்.

ஏரியின் வடக்குப் பாதி இன்னும் கொஞ்சநாள் இழுத்துக்கொண்டு கிடந்து, குப்பைமேடாகி, 1976இல் வள்ளுவர் கோட்டமானது. கட்டியவர் கலைஞர், திறப்பு விழா நடந்தபோது அவர் ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். ஏரிப் படுகையில் கல்தேர் நிற்கிறது. இடனறிதல் என்று ஓர் அதிகாரமே எழுதி, தேருக்கும் கப்பலுக்கும் அததன் இடத்தைச் சொன்ன மனிதருக்கு இப்படி ஒரு மரியாதை. பக்கத்தில் லேக் ஏரியா. அங்கே எல்லாம் உண்டு, லேக் தவிர.

ஏரி மட்டும் தனக்கு ஓய்வு கொடுத்த உத்தரவைப் படிக்கவே இல்லை. ஒவ்வொரு மழைக்கும் பழைய ஆபீசுக்கு வந்துவிடுகிறது. துரைசாமி சுரங்கப்பாதையில் முதலில் கையெழுத்துப் போடும். போலீஸ்காரர் தடுப்பை இழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். 2015 டிசம்பரில் மேற்கு மாம்பலத்தில் வீடு வீடாக விசாரித்தது. 2019இல் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் அகலமாக, அழகாகத் திறந்தார்கள். 2021 நவம்பரில் ஏரி வந்து தி.நகர் முழுக்கச் சுற்றிப் பார்த்தது. மழை இல்லாத மாதங்களில் தன் சார்பாக மாம்பலம் கொசுவை அனுப்பி வைக்கும்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. மாநகராட்சி தன் பூங்காக்களில் பள்ளம் வெட்டிக் குட்டை அமைத்து, ‘ஸ்பாஞ்ச் பார்க்’ என்று பெயர் வைத்திருக்கிறது. மழைத்தண்ணீர் அதில் நிற்குமாம். தாத்தா தூர்த்ததைப் பேரன் டெண்டர் விட்டுத் தோண்டுகிறான். கிண்டியில் இன்னும் விசேஷம். குத்தகை பாக்கி விவகாரத்தில் 160 ஏக்கர் ரேஸ் கோர்ஸை 2024 செப்டம்பரில் அரசு பூட்டி முத்திரை வைத்தது. 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா என்று அறிவித்தது. வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் குறைய அங்கேயே குளங்களும் வெட்டியது. ரேஸ் கிளப் விடவில்லை, நீதிமன்றத்துக்குப் போனது. ஆக, குதிரை ஓடின மண்ணுக்குப் பெரிய பெரிய வக்கீல்கள் கிடைத்துவிட்டார்கள். இந்த ஏரியின் சாமர்த்தியத்தைப் பாருங்கள்: மயிலாப்பூர் என்று பெயரை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு பாரிஸ்டர் மேல் விழுகிற ஊரில், தனக்கு வக்காலத்து வாங்க ஓர் ஆளைப் பிடிக்கத் தெரியவில்லை.