யோசிச்சுட்டு இருந்தேன் என்றால் உடனே அனுப்பு என்று அர்த்தமுங்ணா

லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? நீங்க கொடுத்தனுப்பிய பனியன் நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டுதான் இந்தக் குளிரில் ஆபீஸ் போகிறேன்.

"பையர் முடிஞ்சாப் பாருங்கன்னுதானே எழுதினான், இப்ப ஏன் குதிக்கிறான்?" என்று போனில் சத்தம் போட்டீங்க. அவர் மெயிலைப் பார்த்தேன். 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் வீ மைட் சீ த லேப் டிப்ஸ் பை ஃப்ரைடே.' அவர் எதையும் யோசிக்கவில்லைங்ணா. சாய சாம்பிள் வெள்ளிக்கிழமை வந்தாகணும், அவ்வளவுதான். தவறினால் டையிங் தள்ளும், ஷிப்மென்ட் தள்ளும், தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கை நம் செலவில் பிளேன் ஏற்றச் சொல்வார்.

இங்கே கேட்கும் காரியம் பெருக்கப் பெருக்க வாக்கியமும் நீளும். வெறும் 'ப்ளீஸ்' என்றால் ஒரு டீ. 'குட் யூ' என்றால் ஒரு பைல். 'குட் யூ பாசிப்லி' என்று காதில் விழுந்தால் சனிக்கிழமை லீவு போச்சு. 'வித் ரெஸ்பெக்ட்' என்று ஆரம்பித்தால் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளணும், திட்டு வருது.

'உட் யூ மைண்ட்' இன்னொரு வம்பு. ஜன்னலைத் திறந்தால் உங்களுக்கு ஆட்சேபணையா என்பான் ஒருத்தன். நம்ம ஊர்ப் பழக்கத்தில் 'எஸ், எஸ்' என்று தலையாட்டினால் முகம் சுண்டிப்போய்த் திரும்பி உட்காருவான். சம்மதம் என்றால் 'நோ' சொல்லணும்!

நமக்கு இந்தச் சுற்றுவழி எதற்கு? 'ஒரு டீ போடுங்க' என்றால் தீர்ந்தது. மரியாதை வினையின் வாலிலேயே தொங்குது. இவர்கள் வினைக்கு வால் இல்லை. 'நீ' என்பதற்கு வைத்திருந்த 'தௌ'வையும் எப்போதோ தொலைத்துவிட்டு ராஜாவையும் தோட்டக்காரரையும் ஒரே 'யூ'வால் கூப்பிடுகிறார்கள். அதனால் மரியாதை முழுவதையும் வாக்கியத்தின் தலையில் ஏற்றவேண்டியிருக்கு.

இது என் கண்டுபிடிப்பு இல்லைங்ணா. பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் மரியாதைப் பேச்சைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார்கள். 1987-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. உலகத்துக்கே பொதுவான விதி தேட அவர்கள் எடுத்த மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்டால், மூன்றாவது நம்ம தமிழ். மெட்ராஸ் தமிழ் அல்ல, கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத்துத் தமிழ். 2009 வரைக்கும் நம்ம ஊர் மங்கலமும் அந்த மாவட்டம்தானே! படிக்கிறபோது நம்ம நொய்யல் கரைப் பேச்சை கேம்பிரிட்ஜ் மேஜையில் வைத்துப் பிரித்துப் பார்த்த மாதிரி இருந்தது.

பெருமையோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. எந்தச் சாதிக்காரர் யாரை 'வா' என்கிறார், யாரை 'வாங்க' என்கிறார் என்பதும் அதில் இருக்கு. 'கொங்குத் தமிழ் மாதிரி மரியாதை உண்டா' என்று மேடையில் பேசுகிறோம். தறிக் கொட்டகையிலும் அயர்ன் டேபிளிலும் அந்த 'ங்க' ஆள் பார்த்துத்தான் இறங்குது. இங்கே ஆபீஸ் கூட்டுகிற அம்மாவிடம் மேனேஜரும் 'ப்ளீஸ்' போடுகிறார். மனசிலிருந்து வருதோ, வாயிலிருந்து வருதோ, வருது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். கடைக்காரம்மா என்னை 'மீ டக்' என்கிறார், அதாவது வாத்தே! அது இந்த ஊர்க் 'கண்ணு'.

பையரின் புது மெயில் வந்திருக்கு. 'இட் உட் பி லவ்லி இஃப்' என்று ஆரம்பிக்குது, பயமா இருக்கு. அவர் கேட்கிற சைஸ் செட் சாம்பிளைப் புதன்கிழமையே கூரியரில் போட்டுருங்க. பதிலில் 'டூ த நீட்ஃபுல்' வேண்டாமுங்ணா, கூரியர் நம்பரை மட்டும் எழுதுங்க.

அன்புத் தம்பி