குளியலறை விளக்கு எரியாமை: பாடி முதல் பட்டாபிராம் வரை ஒரு கள ஆய்வு

இங்கிலாந்தில் குளியலறை விளக்குக்குக் கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும். ஈரக் கையால் இழுத்தாலும் ஷாக் அடிக்காது என்பது அதன் தத்துவம். ரயிலையும் கிரிக்கெட்டையும் விட்டுப்போன வெள்ளைக்காரர்கள் இந்தக் கயிற்றை மட்டும் கையோடு எடுத்துப் போய்விட்டார்கள். நம்மிடம் கயிறு இழுத்து ஓடுவது சலூன் சுவர் ஃபேன் ஒன்றுதான். குளியலறைக்கு நம்மவர்கள் கண்ட தீர்வு, சுவிட்சையே கதவுக்கு வெளியே வைத்தது. ஈரக் கை அதைத் தொடாது, உண்மைதான். ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போது போகிற போக்கில் விளக்கை அணைக்கும் உரிமை குடும்பத்தார் அனைவருக்கும் கிடைத்துவிட்டது. அது தனி ஆய்வுக்கு உரியது, இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

நம் பொருள், விளக்கு எரியாதபோது நடக்கும் பரிசோதனை. களம் கிழக்கே பாடி, மேற்கே பட்டாபிராம், தெற்கே பூந்தமல்லி. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்த பிறகு, அரை கிரவுண்டு வாங்கி, போனஸ் வந்தபோதெல்லாம் ஓர் அறையாகக் கட்டிய வீடுகளே சான்றுகள். எங்கள் வீட்டில் தரைத்தளத்துக்கு ஒரு எலக்ட்ரீஷியன், மாடிக்கு அவருடைய மச்சான், பின்னால் குளியலறை சேர்த்தபோது யாரோ மூன்றாமவர். சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது விதி. எங்கள் குளியலறைக்கு மேலே பேஸ் ஓடுவது பச்சை வயரில். அன்றைக்கு மூன்றாமவர் கையில் மிச்சமிருந்த சுருள் அது என்பது என் ஊகம்.

முதன்மைக் கருவி டெஸ்டர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் குடியிருப்பது. உள்ளே ஒரு பொடி நியான் விளக்கும் பெரிய ரெசிஸ்டரும் இருக்கும். தலையில் விரலை வைத்தால், மிகச் சிறிய மின்னோட்டம் ஆளின் உடம்பு வழியே தரைக்கு இறங்க, நியான் மினுக்கும். அதாவது, சோதிப்பவரும் சர்க்யூட்டில் ஓர் உறுப்பு. மர ஸ்டூல் மேல் ரப்பர் செருப்போடு நின்றால் மினுக்கல் மங்கும். வென்டிலேட்டர் வழியே மத்தியான வெயில் விழுந்தால், எரிகிறதா இல்லையா என்று உள்ளங்கையைக் குவித்துக் கும்பிடுவதுபோல் பார்க்க வேண்டும்.

இதையும் தாண்டி ஒரு வாக்கியம் உண்டு: “ரெண்டு பக்கமும் காட்டுது சார்.” பல்பை மாட்டியபடியே சீலிங் ரோஸைத் திறந்து தொட்டால், இரு முனையிலும் டெஸ்டர் எரியும், பல்பு எரியாது. பேஸ் பல்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்து நிற்கிறது. திரும்பிப் போகிற நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. டெஸ்டர் பொய் சொல்லவில்லை. விருந்தாளி வந்திருப்பதைச் சொல்லும், அவர் ஊர் திரும்பும் பஸ் நின்றுபோனதைச் சொல்லாது.

எங்கே அறுந்தது? ஜங்ஷன் பாக்ஸில். பாக்ஸ் எங்கே? குளியலறைக்கு மேலுள்ள லாஃப்ட்டின் கடைசி மூலையில். திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூரில் தொல்லியல் துறை தோண்டியதுபோல் அடுக்கடுக்காக இறங்கினோம். மேல் அடுக்கில் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, தெர்மாகோலுடன். அடுத்து கொலுப்படிகள். அதன் கீழ் நடைவண்டி, அதை ஓட்டியவளுக்கு இப்போது கல்யாண வயது. அப்புறம் பித்தளை அண்டா, அண்டாவுக்குள் அவளுடைய பத்தாம் வகுப்புக் கணக்கு கைடு. எல்லாவற்றுக்கும் பின்னால், நான்கு முறை வெள்ளையடித்ததில் சுவரோடு சுவராகிப்போன பாக்ஸ் மூடி. ஸ்க்ரூவின் காடியைத் தேடி எலக்ட்ரீஷியன் தம்பி நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினார்.

மேலே அவர், கீழே சுவிட்சில் நான். இங்கே மொழிச் சிக்கல் எழுகிறது. தமிழில் சட்டையும் ‘போடு’, கோலமும் ‘போடு’, லைட்டும் ‘போடு’.

“போட்டாச்சா சார்?”

எனக்கு ‘போச்சா’ என்று கேட்டது. “போகலையே, கரண்ட் இருக்கு.”

“சார், போடாதீங்க!”

லாஃப்ட்டின் எதிரொலியில் ‘போடா’ மட்டும் கீழே வந்து சேர்ந்தது. வயதில் சிறியவர் இப்படிப் பேசலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றதால், சுவிட்சில் கை வைக்கவில்லை. ஆகவே இருவரும் பிழைத்தோம்.

பக்கத்து வீட்டில், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் இருக்கிறார். 1965-இல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்ட தொழிற்சாலை அது. சத்தம் கேட்டு வந்தவர் கேட்டார்: “டாங்கிக்கு டயக்ராம் இருக்கு தம்பி. உங்க பாத்ரூமுக்கு இருக்கா?” இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை அளிக்கவில்லை.

ஐப்பசி மழையில் எழும் கோளாறு வேறு ரகம். போன மின்னோட்டத்துக்கும் திரும்பியதற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காவல் சுவிட்ச் விழுந்துவிடும். மாடியில் தேங்கிய நீர் கசிந்து பாக்ஸுக்குள் இறங்கும்போது வீடே இருளும். ஆனால் எலக்ட்ரீஷியனுக்கு நேரம் கிடைப்பது தை மாதத்தில். அதற்குள் சுவர் காய்ந்திருக்கும். 500 வோல்ட் மெக்கர் வைத்து இன்சுலேஷனைச் சோதித்தாலும் வயர் உத்தமன்போல் நிற்கும். “ஒண்ணும் இல்லையே சார்” என்பார். மழை வரும்போது கூப்பிட்டால், அவர் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.

அன்று நியூட்ரலை முறுக்கி டேப் சுற்றியதும் விளக்கு எரிந்தது. தம்பி காசு வாங்கிக்கொண்டு கிளம்பினார். அண்டா, நடைவண்டி, கொலுப்படி, அட்டைப்பெட்டி என்று வரிசை மாறாமல் ஏற்றி முடிக்க எனக்கு ஒரு மணி நேரம். இறங்கிப் பார்த்தால், ஸ்டூல் மேல் ஜங்ஷன் பாக்ஸின் மூடியும் இரண்டு ஸ்க்ரூவும்.