பை-டூ காபியும் சொத்தைப் பல்லும்

இந்த வாரம் பெங்களூரு காக்ஸ் டவுன் வாசகர்கள் பல்லைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள்.

கே: இனிப்பைக் குறைக்கத்தான் எப்போதும் ஒன்றை இருவர் பகிரும் பை-டூ காபி சொல்கிறேன். பல்லுக்கும் நல்லதுதானே?

ப: ஒரு நாளைக்கு எத்தனை பை-டூ? அதைச் சொல்லவில்லையே! சர்க்கரை எவ்வளவு என்பதைவிட, எத்தனை முறை என்பதுதான் பல்லுக்குப் பெரிய கணக்கு. பல்லின்மேல் படியும் மெல்லிய படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள் குடியிருக்கின்றன. சர்க்கரை வந்த சில நிமிடங்களில் அவை அதை அமிலமாக்கிவிடும். வாயின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எச்சில் மெல்ல அந்த அமிலத்தை முறித்து, போன தாதுவைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். அதற்கு அரை மணி நேரமாவது விட வேண்டும். பத்து மணிக்கு ஒரு பை-டூ, பதினொன்றுக்கு இன்னொன்று, நடுவில் பேக்கரி பட்டர் பிஸ்கட் என்றால் எச்சில் எப்போது வேலை செய்யும்? இரண்டு பை-டூவைவிட, டிபனோடு சேர்த்துக் குடிக்கும் ஒரு முழு காபி பல்லுக்கு நல்லது. சர்க்கரை இல்லாமல் குடிக்கப் பழகிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

கே: ‘எத்தனை முறை’ என்பதற்கு ஆதாரம் உண்டா?

ப: உண்டு. ஆனால் அது மனம் கனக்கும் ஆதாரம். 1940-களில் ஸ்வீடனின் விப்பெஹோல்ம் என்ற காப்பகத்தில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு விதவிதமாக இனிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு இனிப்பு சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்குப் பல் பாழானது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்களின் பற்கள் அவை. இன்று அந்த ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது, தரவும் கூடாது. அத்தனை விலை கொடுத்துக் கிடைத்த பாடத்தையும் மறந்து, குழந்தை அழும்போதெல்லாம் கையில் மிட்டாய் வைத்து அனுப்புகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

கே: கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பல் பூச்சி கீழே விழும் என்கிறார் எங்கள் பாட்டி. நிஜமா?

ப: பல்லில் பூச்சியே கிடையாது, இல்லாதது எப்படி விழும்? பாட்டியைக் கோபிக்காதீர்கள். பாபிலோனியக் களிமண் பலகையிலேயே பல்புழு இருக்கிறது. பெர்லினில் வில்லோபி மில்லர் என்ற பல் மருத்துவர், பிடுங்கிய பற்களை எச்சிலிலும் ரொட்டியிலும் ஊறவைத்துப் பார்த்தார். கிருமிகள் உண்டாக்கிய அமிலத்தில் பல் இளகியது. இறைச்சியில் வைத்தபோது அப்படி ஆகவில்லை. 1890-ல் அவர் புத்தகம் வந்த பிறகு புழுக்கதை அறிவியலில் முடிந்தது. ரொட்டி என்றதைக் கவனித்தீர்களா? இனிப்பே இல்லாத பன்னும் சிப்ஸும்கூட இடுக்கில் ஒட்டிக்கொண்டால் கிருமிக்குத் தீனிதான்.

கே: தர்மபுரியிலிருந்து இங்கே குடிவந்தவன். சின்ன வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கறை. ஒழுங்காகத் தேய்க்காததால் வந்த சொத்தை என்று கேலி செய்கிறார்கள்.

ப: நீங்கள் பல் விளக்கியதில் குறை இல்லை. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த வயதில் நீங்கள் குடித்த தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருக்கக்கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் அது தாண்டியதால்தான் காவிரியைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள். இங்கே கோலார், பாவகடா பக்கத்திலும் இதே துயரம். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஃபிரெடரிக் மெக்கே என்ற மருத்துவர் இப்படிக் கறை படிந்த பற்களைப் பல ஆண்டு ஆராய்ந்தார். அவற்றில் சொத்தை குறைவு என்றும் கண்டார். மிகுந்தால் கறை, அளவோடு இருந்தால் காவல் என்று புரிந்தது அதற்குப் பிறகுதான். கறையை ஒரு பல் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். கேலி செய்பவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கே: அப்படியானால் ஃபுளோரைடு பேஸ்ட் வேண்டுமா, வேண்டாமா?

ப: வேண்டும். பெட்டியில் 1000 பி.பி.எம். அருகே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் ஃபுளோரைடே இருக்காது. மூன்று வயதுவரை அரிசி மணி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்குவது விற்பனைக்காக. துப்பியபின் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள், மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். வீட்டில் போர்வெல் தண்ணீர் மட்டும்தான் என்றால் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கே: மகளுக்கு ஆறு வயது. கடைசிப் பல் சொத்தை. பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடலாமா?

ப: தயவுசெய்து விடாதீர்கள்! ஆறு வயதில், எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் முளைப்பது நிரந்தரக் கடைவாய்ப்பல். ஆயுளுக்கும் அதுதான். பெற்றோர் பலர் பால் பல் என்று நினைத்தே அதைக் கெட விட்டுவிடுகிறார்கள். அதன் மேலே உள்ள ஆழமான பள்ளங்களுக்குள் பிரஷ் முடி போகாது. முளைத்ததுமே டாக்டரிடம் காட்டி, பள்ளங்களை மூடும் சீலன்ட் பூசிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். உங்கள் மகளுக்குச் சொத்தை வந்துவிட்டதால் இந்த வாரமே போங்கள். பால் பல்லாகவே இருந்தாலும் விட முடியாது. அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

கே: கறுப்பாகக் குழி இருக்கிறது, ஆனால் வலியே இல்லை. செலவு எதற்கு?

ப: எனாமலில் நரம்பு இல்லை, அதனால் வலிக்காது. முதலில் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு வரும். அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடும் பழக்க மாற்றமுமே அதை நிறுத்திவிடலாம். குழி விழுந்தால் அடைக்க வேண்டும். ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற வலி வந்தால் அநேகமாக நரம்புவரை போயிருக்கும். அப்புறம் ரூட் கெனால் அல்லது பிடுங்குவது. நீங்கள் காத்திருந்து மிச்சப்படுத்துவது ஒன்றுமில்லை. தனியார் கிளினிக் கட்டணம் தாங்காது என்றால், விக்டோரியா ஆஸ்பத்திரியை ஒட்டிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள்.

கே: ராத்திரி பல் தேய்த்த பிறகு குழந்தைக்கு இருமல் சிரப் கொடுக்கலாமா?

ப: சிரப் முதலில், பிரஷ் பிறகு. தூக்கத்தில் எச்சில் குறைவாகத்தான் சுரக்கும். தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும். பால் புட்டியும் வேண்டாம்.