நாரைத் தலைக்கு வந்த மவுசு

வாழப்பாடிப் பக்கம் பழைய இரும்புக் கடைக்காரர்கள் உஷாராகிவிட்டார்கள். துருப்பிடித்த சைக்கிள் வந்தால் முன்பெல்லாம் நேரே தராசுதான். இப்போது ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் முத்திரையை எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்க்கிறார்கள். ராலே சைக்கிள் கம்பெனியின் நாரைத் தலை தெரிந்தால் எடைக்கணக்கு ரத்து. காரில் வந்து இறங்குபவரின் முகத்தைப் பார்த்துத்தான் விலை.

அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் ஊரூராகக் கொண்டுபோய் நிறுத்தியது. அதில் பால் கேன் தொங்கியது, பாக்கு மூட்டை ஏறியது, கேரியரில் பிள்ளைத்தாய்ச்சிகூட ஆஸ்பத்திரி போனாள். பொழுதுபோக்கு என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அட்லஸ் கம்பெனி தன் சாகிபாபாத் ஆலையை மூடியது 2020 ஜூன் 3-ல்; அன்று உலக சைக்கிள் தினம் வேறு! செத்த பிறகுதானே நம்மூரில் மாலை?

சைக்கிளை மீட்பவரின் பாடு தனி. செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார். இறுகிப்போன காட்டர் பின்னைத் தட்டித் தட்டிக் கழற்றுவார். ராடு பிரேக்கின் ரப்பர் கட்டைக்காகச் சேலம் முழுக்க அலைவார். மட்கார்டில் தங்கக் கோடு இழுக்கத் தெரிந்த பெயின்டருக்கு மாசக்கணக்கில் தவம். இந்தச் செலவுக்கு மொபெட்டே வந்திருக்கும் என்பது வீட்டம்மா கணக்கு.

வீல் கோட்டம் எடுக்கும் பெரியவர் கேட்டார்: "ஓட்டறதுக்குங்களா?"

"இல்லீங்க, ஹால்ல மாட்டி வெக்க."

பெரியவர் ஸ்போக் சாவியைக் கீழே வைத்தார். "அப்ப கோட்டம் இருந்தா என்னங்க?"